பார்த்ததை மட்டும் சொன்னவள்

என் மருந்துக்கடையில் கல்லீரல் டானிக் விற்பனை படுத்துப்போனதற்கு அவள்தான் காரணம். வடுகபட்டியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே என் கடை. கடைக்கு மேலே மாடியில் ஒரு சின்ன வீடு. அதில்தான் அவள் வாடகைக்கு இருந்தாள். சாயங்காலமானால் கீழே இறங்கி வந்து, கடை ஓரத்தில் கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். யாராவது வந்து, "ஈரலுக்கு நல்லதா ஒரு டானிக் குடுங்கக்கா" என்பார்கள். நான் அலமாரிப் பக்கம் திரும்புவதற்குள் பெஞ்சிலிருந்து குரல் வரும்.

"அதுனால ஈரலுக்கு நல்லதுன்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கல."

வந்தவர் என்னைப் பார்ப்பார். நான் அவளைப் பார்ப்பேன். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வந்தவர் இருமல் மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

"என் பொழப்பக் கெடுக்கத்தான் மேல குடி வந்தியா?"

"கெடுதல்னு நான் சொல்லலையேக்கா. தெரியாதுன்னுதான் சொன்னேன்."

இந்தத் 'தெரியாது' ஒன்று. இன்னொன்று, 'நான் பாக்கல'. இந்த இரண்டையும் அவள் சொன்ன அளவுக்கு வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பார்த்ததைச் சொல்வாள். பார்க்காததைக் கழுத்தை நெரித்தாலும் சொல்லமாட்டாள். முகத்துக்காக ஒரு வார்த்தை கூட்டிச் சொல்வது என்பது அவளிடம் கிடையாது. ஊரில் மனுசரோடு மனுசர் ஒட்டிக்கொண்டிருப்பதே அந்தக் கூட்டிச் சொல்கிற வார்த்தையால்தான் என்பது எனக்கு அவளைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

ஊரில் அவளை டாக்டரம்மா என்றார்கள். வந்த புதிதில் காய்ச்சல், மூட்டுவலி என்று மாடிப்படி ஏறிப் போனவர்கள் ஏமாந்து இறங்கி வந்தார்கள். "நான் வைத்தியம் பாக்குற டாக்டர் இல்லைங்க, ஆராய்ச்சி பண்றவ" என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்லிப் பெரியகுளத்துக்கு அனுப்பிவைப்பாள். வைத்தியம் பார்க்காத டாக்டர் எதற்கு என்று அவர்கள் என்னிடம் வந்து கேட்பார்கள். மருந்தாளுநர் படிப்பு படித்த எனக்கே அது புரியக் கொஞ்ச நாள் ஆனது.

ஒருநாள் மடிக்கணினியைக் கீழே கொண்டுவந்து காட்டினாள். அவள் பெயர் போட்டு வந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் எல்லாம் வரிசையாக இருந்தன. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. பாதி கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை பற்றி. மீதிப் பாதி மூளை பற்றி.

"ஈரலுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்னு வயித்துல கெடக்கு, ஒன்னு தலையில கெடக்கு."

"ஈரல்தான்க்கா ரத்தத்த சுத்தம் பண்ணுது. அது கெட்டுப்போச்சுன்னா அழுக்கு நேரா மூளைக்குப் போயிரும். ஆளு பகல்ல தூங்குவாரு, ராத்திரி எந்திரிச்சு நடப்பாரு. இது எந்த வருசம்னு தெரியாது. புது ஈரல் வச்சா தெளிஞ்சிரும். தெளியும்போது எதெது திரும்பி வருது, எது வரவே மாட்டேங்குது, அதத்தான் நாங்க பாக்குறோம்."

"இம்புட்டும் நீயா எழுதுன?"

"எல்லாத்துலயும் நான் இருக்கேன். நான் மட்டும் இல்ல."

"எத்தன பேரு படிப்பாக?"

கொஞ்சம் யோசித்தாள். "தெரியாது" என்றாள். பிறகு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது குறைவு.

அந்த ஆராய்ச்சியால் அவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரைப் பார்த்தாலும் கையை நீட்டச் சொல்வாள். ஈரல் கெட்டு அழுக்கு மூளைக்கு ஏற ஆரம்பித்தால், நீட்டிய கை நிலையாக நிற்காதாம், மணிக்கட்டு தானாக விழுந்து விழுந்து எழுமாம். ஆனால் எங்கள் ஊரில் கையை நீட்டு என்று ஒரு பெரிய படிப்பு படித்தவர் சொன்னால் என்ன செய்வோம்? இடது கையை வலது கைக்கு அடியில் கொடுத்து, உள்ளங்கையைக் குழித்து, திருநீறு வாங்குவதுபோல பவ்யமாக நீட்டுவோம். என் வீட்டுக்காரர் அப்படித்தான் நீட்டினார். தொப்பையைப் பார்த்துவிட்டு அவரைச் சோதிக்க நினைத்திருக்கிறாள். அவரோ ஏதோ கோயில் பிரசாதம் கொண்டுவந்திருக்கிறாள் என்று கண்ணை வேறு மூடிக்கொண்டார்.

"அப்பிடி இல்லைங்க. பஸ்ஸ நிப்பாட்டுவீங்கள்ல, அந்த மாதிரி."

அதிலிருந்து எல்லோரிடமும் அப்படியே சொல்ல ஆரம்பித்தாள். பூண்டு உரிக்கப் போகிற பெண்கள் பஸ்ஸுக்காக என் கடைமுன் நிற்பார்கள். அவர்களை ஒருநாள் வரிசையாக நிற்கவைத்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டி விரலை மேலே தூக்கச் சொன்னாள். தேனியிலிருந்து வந்த பஸ் ஒன்று, நிற்காமல் போகிற பஸ், அத்தனை கையைப் பார்த்ததும் பதறிப்போய் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி வந்து, "என்ன பஸ் மறியலா? என்னாத்தா வேணும் ஒங்களுக்கு?" என்று கத்தினார். அவள் அவரையும் விடவில்லை. "நீங்களும் ஒருதடவ நீட்டுங்க சார்" என்றாள். அவர் விசில் ஊதிக்கொண்டு ஓடியே போனார். ஊர் ஒரு வாரம் சிரித்தது.

சிரித்தவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கு மற்றவர்களிடம் பேச வேறு வழி தெரியவில்லை. நல்லா இருக்கீங்களா என்று கேட்டால், நல்லா இருக்கேன் என்று பதில் வரும். அது உண்மையா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அதனால் கையை நீட்டச் சொல்வாள். அதுதான் அவளுடைய குசலம் விசாரிப்பு.

வெளிநாட்டில் சில வருசம், சென்னையில் பல வருசம் பெரிய பெரிய இடங்களில் வேலை பார்த்தவள் ஏன் இங்கே வந்து ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒருமுறை வாயைக் கிளறினேன். அவளும் கூட வேலை பார்த்தவர்களும் எழுதிய கட்டுரை ஒன்று அச்சில் வந்து நல்ல பெயரும் வாங்கிவிட்டதாம். ஒருநாள் சும்மா பழைய கணக்கைத் திருப்பிப் பார்த்தபோது, ஒப்பிட்டுப் பார்த்த இரண்டு குழுவிலும் ஒரே நோயாளி சேர்ந்திருந்தது அவள் கண்ணில் பட்டிருக்கிறது. முடிவு மாறாது. யாரும் கண்டுபிடிக்கப் போவதும் இல்லை. இவள் பத்திரிகைக்கு எழுதித் திருத்தம் போடவைத்துவிட்டாள். கூட இருந்தவர்கள் யாரும் சண்டை போடவில்லையாம். அடுத்த வேலைக்கு இவளைக் கூப்பிடாமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். பிறகு மாடியில் இருந்தபடியே, எங்கெங்கோ இருப்பவர்கள் அனுப்புகிற விவரங்களைப் பார்த்துச் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பேசாம இருந்திருக்கலாம்ல?" என்றேன்.

"பாத்துட்டேனேக்கா" என்றாள்.

எங்கள் தெருவிலேயே ஒரு வியாபாரி இறந்துபோனார். கடைசி நேரத்தில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது இவள்தான். விசாரிக்கப் போன இடத்தில் அப்படி அமைந்துவிட்டது. துக்கவீட்டில் அவர் மனைவி இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "போகும்போது என்னத் தேடுனாகளா? எம் பேரச் சொன்னாகளா?" என்று அழுதாள். ஒரு 'ஆமா' போதும். அந்த அம்மாள் மீதி ஆயுசை அதை வைத்து ஓட்டியிருப்பாள். இவள், "இல்லைங்க. தண்ணி கேட்டாரு" என்றாள். அழுகைச் சத்தம் ஒரு நொடி நின்றே போனது. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, வெளியே இழுத்துவந்து நன்றாகத் திட்டிவிட்டேன். "நான் பொய் சொன்னா அவங்க வச்சுக்குறது பொய்யத்தானேக்கா" என்றாள். அவள் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நல்லது கெட்டதுக்கு அவளைக் கூப்பிடுவதை ஊரார் நிறுத்திக்கொண்டார்கள்.

சென்னையை விட்டது அதனால் என்றாலும், அவள் எங்கள் ஊருக்கு வந்தது அவள் அண்ணனுக்காக. இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. முன்கட்டு பூண்டு மூட்டை அடுக்கும் கிட்டங்கி, பின்கட்டு குடியிருப்பு. பிறந்த வீடு அங்கே இருக்க, என் மாடியில் வாடகை கொடுத்து இருந்தாள் என்றால், அண்ணன் அவளிடம் பேசி வருசக்கணக்காகிவிட்டது என்பதுதான் காரணம்.

இது அவள் அப்பா காலத்துக் கதை. அவள் மதுரையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, அப்பாவுக்குப் புத்தி பேதலித்திருக்கிறது. பகலெல்லாம் உறக்கம், ராத்திரி நடமாட்டம், வாய்க்கு வந்த பேச்சு. பேய் பிடித்துவிட்டது என்று ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு கோடாங்கியிடம் கொண்டுபோனார்கள். ஓடிவிடக் கூடாது என்று மரத்தில் கட்டிவைத்தார்கள். கட்டியது அண்ணன். ஆள் பிழைக்கவில்லை. பின்னால் அவள் வெளிநாட்டில் படிக்கும்போதுதான், அது பேயும் இல்லை பைத்தியமும் இல்லை, ஈரல் என்று புரிந்திருக்கிறது. அவளுடைய முதல் கட்டுரை அதைப் பற்றியது. பெயர் கிடையாது, ஊர் கிடையாது. ஒரு விவசாயி, மனநோய் என்று நினைத்துக் குடும்பத்தாரால் கட்டிவைக்கப்பட்டார் என்று ஒரு வரி. இங்கிலீஷ் வாத்தியார் ஒருவர் அதை எங்கேயோ பிடித்து, அண்ணனுக்குத் தமிழில் படித்துக் காட்டிவிட்டார்.

அண்ணன் என் கடைக்கு வரும்போது இதைச் சொல்லியிருக்கிறார். தங்கை என் மாடியில் இருப்பது தெரிந்தும், வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னார்.

"கட்டிப்போட்டாகன்னு எழுதுனாள்ல? அத்தன நாளும் அந்த மரத்தடியிலேயே அவுக காலுக்குப் பக்கத்துல படுத்துக் கெடந்தனே, துண்ட வச்சு வீசிக்கிட்டே கெடந்தனே, அத எழுதுனாளா? ஒரு வரி? ஒரு வார்த்த?"

நான் மாடிக்குப் போய் அவளிடம் இதையே கேட்டேன்.

"நான் அங்க இல்லையேக்கா. கடைசியில வந்து பாத்தப்ப அப்பா கையில கயித்துத் தழும்பு இருந்துச்சு. அதப் பாத்தேன், எழுதுனேன். அண்ணன் படுத்துக் கெடந்தத நான் பாக்கல."

"இப்பத் தெரியும்ல? போய்ச் சொல்லு."

"சொன்னேன். கடுதாசி போட்டேன். நேர்ல போனேன். என் முகத்தப் பாக்க மாட்டேங்குறாரு." மடிக்கணினியை மூடிவிட்டு, "குடும்பத்தார்னுதான எழுதுனேன். அதுல நானும் உண்டுன்னு நெனச்சுத்தான் எழுதுனேன்" என்றாள்.

அந்த அண்ணனுக்கும் ஈரல் கெட்டுக்கொண்டிருந்தது. மதினி, அதாவது அண்ணன் மனைவி, ஒளித்து மறைத்து அவளுக்குப் போன் பண்ணிச் சொல்லித்தான் அவள் வந்தாள். அண்ணன் ஒரு சொட்டுச் சாராயம் தொட்டதில்லை. சர்க்கரையும் கொழுப்பும் செய்த வேலை. ஊர் வாய் சும்மா இருக்குமா, குடி என்றே பேசியது. இவள் பெஞ்சில் உட்கார்ந்தபடி ஒவ்வொருவரையும் திருத்துவாள். "குடி இல்ல. ரிப்போர்ட்ட நான் பாத்தேன்." ஈரல் முற்றிலும் கெட்டவர்களின் மூச்சில் ஒருவித வாடை வருமாம், அதை வைத்தே வீட்டார் சுதாரித்துக்கொள்ளலாமாம். பூண்டு மூட்டைக்கு நடுவில் குடியிருப்பவர்களுக்கு எந்த வாடை தெரியும்? ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது.

இனி அந்த நாள். பகல் மூன்று மணி வாக்கில், கடையில் கூட்டம் இல்லாத நேரம். அண்ணன் பனியனும் வேட்டியுமாக, தோளில் ஒரு காவித் துண்டோடு வந்து படியில் நின்றார். எப்போதும் சட்டை இல்லாமல் தெருவில் இறங்காத மனுசன்.

"பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்திருச்சா?" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் அவள் பெயரைச் சொன்னார். கையைப் பார்த்தேன். கல்லாமேசைக்கு மேல் நீட்டியிருந்த கை, சிறகடிப்பதுபோல விழுந்து விழுந்து எழுந்தது. மாடிப்படிக்கு ஓடிப்போய் அவளைக் கூப்பிட்டேன்.

அவள் இறங்கி வந்தாள். கடைசிப் படியில் நின்றுவிட்டாள். அவர் அவளைப் பார்த்தார். அத்தனை வருசமாகத் திருப்பிக்கொண்டிருந்த முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"எங்க ஆத்தா போன இம்புட்டு நேரம்? ஒத்தையில வராதன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? அண்ணன் வந்து கூட்டியாருவேன்ல?"

துண்டை எடுத்து அவள் முகத்தைத் துடைத்தார். நரைத்த தலையும் மூக்குக்கண்ணாடியுமாக நின்ற அவள், மூக்கைச் சிந்திவிடுகிற குழந்தை மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர் ஏதேதோ பேசினார், யாரோ செத்துப்போனவர்களை எல்லாம் வரச்சொன்னார், நடுநடுவே அவள் தலையைத் தடவினார். நான் உள்ளே போய் மாத்திரை அட்டைகளை அடுக்குவதுபோல நின்றுகொண்டேன். எனக்கும் அழுகை வந்தது.

அவருக்குக் கொடுக்க வேண்டிய மருந்து என் கடையிலேயே இருந்தது. வயிற்றைப் போகவைத்து அழுக்கை இறக்குகிற சிரப். அவள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டாள். அவளே ஊற்றி, அவளே வாயில் வைத்தாள். மறுநாளைக்கு மறுநாள் அவருக்குத் தெளிந்துவிட்டது. இவள் பார்க்கப் போயிருக்கிறாள். கட்டிலில் கிடந்தவர் மதினியிடம், "இவள யாரு உள்ள விட்டது?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கு அப்புறமும் இரண்டொரு முறை அப்படி நடந்தது. அறிவு மங்கினால் தங்கையைத் தேடுவார். தெளிந்தால் முகத்தைத் திருப்புவார். அவரைத் தெளியவைக்கிற மருந்தை அவளே எடுத்துப் போவாள்.

"ஒரு நாள் பொறுத்துத்தான் குடேன்" என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அவள் என்மேல் கோபப்பட்டது அந்த ஒரே தடவைதான். "அழுக்கு ஏறி ஏறி அவரு எந்திரிக்காமலே போயிருவாருக்கா. பேசுறது அண்ணன் இல்ல, வியாதி." அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "அன்னைக்கு ஒரு அரைமணி நேரம் பொறுத்துத்தான் குடுத்தேன். அது தப்புதான்."

வேறு ஈரல் வைத்தால்தான் பிழைப்பார் என்று சென்னையில் சொல்லிவிட்டார்கள். மகன் சிங்கப்பூரிலிருந்து வந்து சோதித்துப் பார்த்தான், அவன் ஈரலிலும் கொழுப்பு. மதினிக்கு ரத்த வகை சேரவில்லை. சேர்ந்தது தங்கைக்கு மட்டும். தன் ஈரலில் பாதியை வெட்டிக் கொடுப்பதில் அவளுக்கு யோசனையே இருக்கவில்லை. எடுத்த பாதி திரும்ப வளர்ந்துவிடும் என்று எனக்கு அவள்தான் தைரியம் சொன்னாள். ஆனால் அண்ணன் சம்மதிக்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும்.

மதினி ஒரு வழி கண்டுபிடித்தாள். கடைக்கு வந்து, என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவளிடம் சொன்னாள். "பாப்பா, இன்னைக்கு ஒங்க அண்ணே மசமசன்னு இருக்காக. காலையிலருந்து பாப்பா பாப்பான்னுதான் பேச்சு. இப்ப நீயி வந்து கேட்டா எதுக்குனாலும் சரிம்பாக. நல்லபடியா சம்மதம் வாங்கிருவோம். தெளிஞ்சாகன்னா சாகத்தான் சம்மதிப்பாக, ஒன்கிட்ட வாங்க மாட்டாக."

மதினி சொன்னதில் தப்பே இல்லை. நானும் அதைத்தான் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

"தெளிஞ்சதுக்கு அப்பறம் கேக்குறேன் மதினி."

"வேணாம்னு சொல்லிப்புட்டாக?"

"சொன்னா அது அவரு சொன்னது. இப்ப சொல்றது அவரு சொல்றது இல்ல."

"நீ என்ன பொம்பள! அண்ணன் உசுரோட இருக்கணும்னு நெனப்பு இருக்கா இல்லையா?" என்று மதினி கடைவாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். இவள் பெஞ்சிலிருந்து எழுந்தாள். சிரப்பை வாங்கிக்கொண்டு போனாள். கொடுத்துவிட்டு வந்து, அவர் தெளிகிற வரைக்கும் என் பெஞ்சில்தான் கிடந்தாள். அவர் அவளைப் பிரியமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் முழுவதும், சம்மதம் கேட்காமல், அவர் வெறுக்கத் தொடங்குகிற நேரத்துக்காகக் காத்திருந்தாள். அப்படி ஒரு தனிமையை நான் வேறு எந்த மனுசரிடமும் பார்த்ததில்லை.

தெளிந்த அன்று என்னையும் கூட வரச்சொன்னாள். அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு என்ன கிழமை, என்ன தேதி என்று முதலில் கேட்டாள். அவர் கோபத்தோடு சுவரைப் பார்த்துக்கொண்டே சரியாகச் சொன்னார். பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். யாருடைய ஈரல், என்ன செய்வார்கள், அதில் அவருக்கு என்ன ஆபத்து, தனக்கு என்ன ஆபத்து, ஒன்றையும் மறைக்கவில்லை. மதினி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

அவர் சுவரை விட்டுத் திரும்பினார். பிறகு மதினியைப் பார்த்துச் சொன்னார்.

"அவகிட்டக் கேளு. இதையும் எழுதுவாளான்னு கேளு."

மதினி கேட்க வேண்டியிருக்கவில்லை. "எழுத மாட்டேன்" என்றாள் இவள்.

அறிவு மங்கியவர் தெளிந்து வருவதைக் கூடவே இருந்து பார்த்த ஒருத்தி, ஆயுசு முழுக்க அதையே ஆராய்ந்த ஒருத்தி, அந்த வார்த்தையைச் சொன்னதன் விலை எனக்கு அப்போது தெரியாது. பின்னால், மடிக்கணினியில் அவள் காட்டிய அந்தக் கட்டுரைகளின் நீண்ட வரிசையை நினைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதில் இருக்க வேண்டிய ஒன்று இனி இருக்காது.

அவர் பேனாவுக்குக் கையை நீட்டினார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சில மாதம் கழித்து அண்ணன் தேறி, ஆள் நிறம் மாறி, பழையபடி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்கு மருந்து வாங்க வந்தார். அவளும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னிடம் பூண்டு விலை பேசினார், மழை பேசினார், என் வீட்டுக்காரரை விசாரித்தார். பெஞ்சுப் பக்கம் திரும்பவே இல்லை. மாத்திரைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவ்வளவுக்கு அப்பறமுமா? ஒரு நல்ல வார்த்த சொன்னா வாயி வெந்தா போகும்?"

அவள் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் வாய் சொன்னது, "கோவம் அப்பிடியே இருக்குக்கா. ஒன்னுகூட விட்டுப்போகல. மூள ரொம்ப நல்லாருக்கு."

"அன்னைக்கு இங்கன வந்து ஒன்னக் கொஞ்சுனாகளே, அது ஒன்னாச்சும் நெனப்பு இருக்காதா?"

"இருக்காது. அந்த நாள் எதுவுமே அவருக்குள்ள பதியல. மறந்துட்டாருன்னுகூடச் சொல்ல முடியாது. அவரப் பொறுத்தவரைக்கும் அப்பிடி ஒன்னு நடக்கவே இல்ல. நீங்க பாத்தீங்க, நான் பாத்தேன். அவ்வளவுதான்."

அந்த மாதமே வீட்டைக் காலி செய்துகொண்டு சென்னைக்குப் போய்விட்டாள். இங்கே இருந்து என்ன செய்ய? அண்ணன் நன்றாக இருந்தார். நான் இப்போது டானிக் விற்கிறேன், யாரும் தடுப்பதில்லை. விற்கும்போது பெஞ்சைப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எப்போதாவது போன் வரும். சுற்றி வளைக்க மாட்டாள். "அக்கா, அன்னைக்கு அண்ணன் கடைக்கு வந்தத சொல்லுங்க" என்பாள். முதல் தடவை எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகு பழகிவிட்டது. தான் ஒருத்தி பார்த்தது மட்டும் போதாது அவளுக்கு, அதைப் பார்த்த இன்னொரு ஆளின் வாயால் கேட்க வேண்டும். நானும் ஆரம்பத்திலிருந்து சொல்வேன். பச்சைத் துண்டு என்று சொன்னால், "காவிக்கா" என்பாள். நெற்றியைத் துடைத்தார் என்றால், "கன்னத்த" என்பாள். அவர் சொன்னது முன்னபின்னே ஆனால் சரியாக வரிசைப்படுத்துவாள். முடித்ததும் "சரிக்கா" என்று வைத்துவிடுவாள்.

போன வாரமும் கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது. நானும் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தது, ஒத்தையில வராத என்றது, தலையைத் தடவியது. முடிக்கிற இடத்தில், ஏனோ மனசு கேட்கவில்லை.

"அப்பறம், 'ஒன்மேல எனக்கு என்னத்தா கோவம்'னு சொன்னாக" என்றேன்.

அவர் அப்படிச் சொல்லவில்லை. அவளுக்கும் தெரியும். துண்டின் நிறத்தை விடாதவள் இதை விடுவாளா, இதோ திருத்தப்போகிறாள் என்று போனைக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"கடைசியில சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்கக்கா" என்றாள்.